மாட்டான்னு எழுதுங்க

"என் தம்பியால முடியாதுன்னு எழுதிக் குடுங்க மேடம்."

எதைச் சொல்லவே கூடாது என்று பட்டினப்பாக்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டே வந்தாளோ, அதை நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஜொவிட்டா சொல்லிவிட்டாள். பக்கத்து ஸ்டூலில் தம்பி நோயல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பின்னால் சுவரோரம் நின்ற அம்மா மர்சலின், "மாதாவே" என்று முனகுவது கேட்டது.

"இன்னா வேணா கேளு, சண்ட போடணும்னா போடு. புள்ள காதுல வுழுற மாதிரி அவனால முடியாதுன்னு மட்டும் சொல்லாத பாப்பா. அவனுக்கு எல்லாம் புரியும்." இதுதான் அம்மா போட்ட ஒரே நிபந்தனை. ஜொவிட்டா அதற்குத் தலையாட்டியும் இருந்தாள். ஆட்டாவிட்டால் அம்மா பஸ்ஸிலேயே அழுதிருப்பாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஆஃப்ரீன். அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் உளவியலாளர். மூன்று மாதத்துக்கு முன்பு நோயலை மதிப்பிட்டு, ஊனம் ஐம்பது சதவீதம் என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான். காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் பார்த்த களைப்பு முகத்தில் அப்பிக் கிடந்தது.

"முடியாதுன்னா எது முடியாது?"

"எதுவுமே. நீங்க போட்ட அம்பது தப்பு."

"சாப்டியா?" என்று நோயல் ஆஃப்ரீனிடம் கேட்டான். யாரைப் பார்த்தாலும் அவன் வாயில் வரும் முதல் கேள்வி அது.

"சாப்டீங்களான்னு கேக்கணும்ப்பா," என்றாள் அம்மா.

"சாப்டீங்களா மிஸ்?"

"இன்னும் இல்ல நோயல். இனிமேதான்." ஆஃப்ரீன் சிரித்தார்.

"பாருங்க மேடம், எவ்ளோ மரியாதயா கேக்கறான்," என்று அம்மாவின் குரல் மலர்ந்தது. ஜொவிட்டாவுக்கு அந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முடியாது என்று எழுதி வாங்க வந்த இடத்தில் மகனின் மரியாதையை மெச்சிக்கொண்டிருக்கும் தாயை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

டிசம்பரில் நோயலுக்குப் பதினெட்டு முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் பிறந்ததால் அந்தப் பெயர். வரும் ஏப்ரலோடு பள்ளிக்கூடமும் முடிகிறது. பங்குக் கோயிலை ஒட்டிய சிறப்புப் பள்ளி அது. தலைமை சிஸ்டர் ஈவ்லின், "பதினெட்டுக்கு மேல உள்ள பிள்ளைக்குக் கவர்மெண்ட் மானியம் கிடையாதும்மா. என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. கண் கலங்கினால் மானியம் வருமா?

பதினெட்டுக்கு மேல் போக இரண்டு இடங்கள் இருந்தன. தேனாம்பேட்டையில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடம். அங்கே ஐம்பது சதவீதம் போதும். மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். காகிதக் கவருக்குப் பசை தடவச் சொன்னால் நோயல் இரண்டு பக்கமும் தடவி, பக்கத்தில் இருந்தவனின் முழங்கையையும் சேர்த்து ஒட்டிவிட்டான். நான்காம் நாள், "எங்க வேலைக்கு இது பத்தாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொன்று அடையாறில் பகல்நேரப் பராமரிப்பு மையம். வீட்டு வாசலுக்கே வேன் வரும், மதியச் சாப்பாடு உண்டு, மாலை ஐந்து வரை பார்த்துக்கொள்வார்கள், காசு கிடையாது. ஆனால் எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். அங்கே இருந்தவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க பையன் எங்களுக்கு ரொம்ப நல்லாருக்கான்மா" என்றார். ஏதோ பாராட்டுகிற மாதிரி.

இரண்டும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதைப் பொங்கல் லீவில் பார்த்தாகிவிட்டது. பள்ளிக்குத்தான் லீவு. அம்மா வேலை செய்யும் கான்வென்ட் சமையல்கட்டுக்கு லீவு இல்லை. விடிவதற்குள் கிளம்பினால் நாலு மணிக்குத்தான் திரும்புவாள். ஜொவிட்டா பில் போடும் தி.நகர் நகைக்கடைக்குப் பொங்கல்தான் வியாபாரமே. அப்பா ஹென்றி இறந்து ஆறு வருடம். ஆக, டிவியைப் போட்டுவிட்டு, சாப்பாட்டை டப்பாவில் வைத்துவிட்டு, நோயலை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஜொவிட்டா ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள். நோயல் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் சாப்டியா, சாப்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தான். குரல் கட்டிப்போயிருந்தது. டப்பா மூடியை அவனால் திறக்க முடிந்திருக்கவில்லை. மூடியில் பல் பதிந்த தடம் இருந்தது.

ஏப்ரலுக்கு அப்புறம் தினமும் அந்தப் பூட்டுதான். அதனால்தான் மேலதிகாரியிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு, அம்மாவையும் இழுத்துக்கொண்டு, மறுமதிப்பீடு கேட்டு ஜொவிட்டா வந்திருந்தாள்.

காலையில் வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் அன்வர் பாஷா என்று ஒருவர், மகள் சிம்ராவோடு உட்கார்ந்திருந்தார். சிம்ராவுக்கு இருபது வயது இருக்கும். சாயம் போன நைட்டி, சிக்குப் பிடித்த தலை. நோயலோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும், கழுத்து வரை பவுடருமாகப் பூசைக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். அம்மா விடியலில் எழுந்து செய்த வேலை.

"இன்னாம்மா இது," என்று பாஷா ஆரம்பித்தார். "பொண்ணு பாக்கவா இட்டாந்துகீற? இப்டி பவுடர் அடிச்சி இட்டாந்தா, கல்யாணத்துக்கு ரெடின்னு எழுதி அனுப்பிருவாங்க."

"புள்ளய சுத்தமா வெச்சிக்கிறது தப்பா நைனா?"

"இங்க தப்புதான். நான் முந்தாநாளுலேர்ந்து இதுக்குத் தல சீவல. வூட்டுல அதுங்கம்மா அழுதுகினு கீது. அழுவட்டும். போன தபா அத்தர் போட்டு, பூ வெச்சி இட்டாந்தேன். நாப்பதுன்னு போட்டுட்டாங்க." கடகடவென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைக்கப் போனவர், பாதியில் கையை மடக்கிக்கொண்டார்.

அம்மா அவரிடமிருந்து நகர்ந்து உட்கார்ந்தாள். பொய் சொல்லி வாங்க வந்தவர் என்று நினைத்திருப்பாள். மகன் எல்லாம் செய்வான் என்று தான் சொல்லிவந்ததும் பொய்தான் என்று அப்போது அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது ஜொவிட்டாவுக்குச் சந்தேகம்தான்.

அம்மா அந்தப் பொய்யைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடங்கள் கற்றுக் கொடுத்தன. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நோயலையும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. "கொஞ்சம் பழக்கிட்டுக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்கள். மயிலாப்பூரில் முதலில் போன பள்ளியில், "பாத்ரூம் வந்தா சொல்லத் தெரியுமா?" என்று கேட்டார்கள். அம்மா உள்ளதைச் சொன்னாள். பழக்கிவிட்டு வரச் சொன்னார்கள். அடுத்த பள்ளியில், "ஒரு எடத்துல உக்காருவானா?" அதற்கும் உள்ளதைச் சொன்னாள். தி.நகரில் ஒரு பள்ளி சேர்த்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது. யாராவது ஆய்வுக்கு வருகிற நாளில் மட்டும், "இன்னிக்குப் பையனுக்கு லீவு போட்டுடுங்க" என்று காலையிலேயே போன் வரும். வருகைப்பதிவில் அன்றும் அவன் வந்ததாகத்தான் இருக்கும்.

நான்காவதாக சிஸ்டர் ஈவ்லினிடம் போவதற்கு முன்னால் அம்மா ஒரு கோடை முழுக்க நோயலை உட்கார வைத்து, ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதுபோல் கேள்வி பதில் பழக்கினாள். உன் பேர் என்ன? நோயல். வயசு என்ன? ஏழு. யார் உன்னைப் படைச்சது? கடவுள். நேர்காணலில் சிஸ்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது: "செய்வான் சிஸ்டர்." சாப்பிடுவானா, செய்வான். உட்காருவானா, செய்வான். அப்புறம் ஒரு வருடம் சமையல்கட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஓடி, யாரும் பார்ப்பதற்குள் நனைந்த டிராயரை மாற்றிவிட்டு வந்தாள். சொன்ன பொய்யைத் தன் முதுகை ஒடித்து உண்மையாக்கினாள். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் ஒரு கதவு திறந்தது. அப்புறம் அவள் அதை விடுவாளா?

ஜொவிட்டா படித்த கதை வேறு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கினால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. தாலுகா ஆபீஸில் கேட்டார்கள். அப்பா படிப்பு? அஞ்சாவது. அம்மா? எட்டாவது ஃபெயில். சித்தப்பா, பெரியப்பா? யாருமே இல்ல சார். எத்தனை இல்லை சொன்னாளோ அத்தனை வேகமாகச் சீல் விழுந்தது. அப்படி வாங்கிய இன்ஜினியரிங் டிகிரியை வைத்துக்கொண்டுதான் இன்று நகைக்கடையில் செய்கூலியும் சேதாரமும் தட்டிக்கொண்டிருக்கிறாள். அது வேறு வயிற்றெரிச்சல். ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உண்டு என்று சொல்ல வேண்டும், உதவி கேட்கிற இடத்தில் இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பது ஒரே சர்க்கார்தான். அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் ஒரு வாரமாக வாய் வலித்தது.

ஆஃப்ரீன் கோப்பைத் திறந்தார். "ஜொவிட்டா, இந்த டெஸ்ட்ல நான் பையனைப் பாத்துப் போடறது கொஞ்சம்தான். வீட்ல கூட இருக்கிறவங்க சொல்றதுதான் ஸ்கோர். உங்க அம்மா சொன்னதை அப்படியே போட்டிருக்கேன்."

"அப்படி என்ன சொன்னாங்க?"

"தானா சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான். தானா பட்டன் போடுவான். பல் தேய்ப்பான். கடைக்குப் போய் மீதிச் சில்லறை எண்ணி வாங்கிட்டு வருவான். டைம் பாக்கத் தெரியும்..."

"டைமா?"

"அதை நானே கேட்டுப் பாத்தேன். வாட்சைப் பாத்துட்டு பத்தரைன்னான். அப்ப மணி பத்தரைதான்."

"கரெக்டாத்தான சொன்னான்," என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"அவனுக்கு எப்பவுமே பத்தரைதான் மேடம். ஸ்கூல்ல இன்டர்வெல் பத்தரைக்கு. டேய் நோயலு, மணி என்னடா?"

நோயல் மணிக்கட்டை மூக்கருகே தூக்கினான். கண்ணைச் சுருக்கி, வங்கி மேனேஜர் மாதிரி வாட்சை ஆராய்ந்தான். "பத்தரை."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றாகப் போகிறது. ஆஃப்ரீன் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜொவிட்டாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவர் முகத்தையும் பார்த்த நோயல், தான் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, இதை மாத்தணும்னா முழுசா முதல்லேர்ந்து கேக்கணும்." ஆஃப்ரீன் புதிய தாளை எடுத்தார். "அம்மா, இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுங்க. உங்க பையனுக்காகத்தான். தானா குளிப்பானா?"

அம்மா நோயலைப் பார்த்தாள். ஜொவிட்டாவைப் பார்த்தாள்.

"குளிப்பான்."

"ம்மா!"

"குளிப்பான் மேடம். எழுதிக்கங்க. மத்தது எல்லாம் இவ சொல்ற மாதிரி போட்டுக்கங்க, நான் வாயத் தொறக்கல. இது ஒண்ணு மட்டும் குளிப்பான்னே இருக்கட்டும்."

ஜொவிட்டா எழுந்தே விட்டாள். "உனக்கு என்னம்மா பைத்தியமா? இதுக்கா லீவு போட்டுட்டு வந்தேன்? அவன் ஒரு செம்புத் தண்ணி தானா மோந்து ஊத்திக்குவானா? சொல்லு!"

அம்மா கிட்டே வந்தாள். ஆஃப்ரீனுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்கும்படியே குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தாத பாப்பா. மாட்டான்னு சொன்னா, அப்ப யாரு குளிப்பாட்டறதுன்னு கேப்பாங்க. இன்னா சொல்லுவேன்? நான்தான் விடியறதுக்குள்ள போய்டறேனே. இருபத்தி நாலு வயசுப் பொண்ணு, ஆளாட்டம் வளந்த தம்பியக் குளிப்பாட்டறாளாம்னு எழுதுவாங்க. நாளைக்கு உன்னக் கேட்டு ஒருத்தன் வர்றப்ப இந்தப் பேப்பரு எங்க சுத்தி எங்க வருமோ. கோயில்ல ஒருத்தருக்குத் தெரியாது. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

ஆஃப்ரீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அப்பா இருந்தவரை அப்பா குளிப்பாட்டினார். அவர் போன மறுவாரத்திலிருந்து ஜொவிட்டா. நோயல் அரை டிராயரோடு முக்காலியில் உட்காருவான். அவள் தண்ணீர் ஊற்றி, தலைக்கும் முதுகுக்கும் சோப்புப் போட்டு, கண் எரிகிறதென்று அவன் கத்துவதற்குள் முகத்தைக் கழுவிவிடுவாள். டிராயரைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, மாட்டு, மாட்டு என்று பத்து தடவை கத்துவாள். ஒன்பதரைக்குள் கடையில் இருக்க வேண்டிய அவசரத்தில், பாத்திரம் தேய்ப்பது மாதிரி, துணி அலசுவது மாதிரி அதுவும் ஒரு வேலை. மறைக்க வேண்டிய சங்கதி என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அம்மா இத்தனை காலம் அதைத் தலையணைக்கடியில் வைத்துக் காப்பதுபோல் காத்திருக்கிறாள். அம்மா சொன்ன 'குளிப்பான்' நோயலுக்காகச் சொன்னதே இல்லை.

ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. அப்புறம் அது நேராக அந்தக் கேள்வித்தாள் மேல் போய் விழுந்தது.

"ஆறு வருஷமா நான்தான் குளிப்பாட்டறேன் மேடம்," என்றாள். "அக்கான்னு போட்டே எழுதுங்க. இதைப் படிச்சுட்டு ஒருத்தன் வர மாட்டேன்னா, அவன் வரவே வேணாம்."

அம்மா மூலையில் இருந்த எடைபார்க்கும் மிஷின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப இனிமே நீங்களே பதில் சொல்லுங்க," என்றார் ஆஃப்ரீன். "பையனை வெளிய உக்கார வைக்கலாமா?"

"தனியா விட முடியாது. அம்மாவைக் கூட்டிட்டுப் போகச் சொன்னா..." ஜொவிட்டா திரும்பிப் பார்த்தாள். அம்மா எழுவதாகத் தெரியவில்லை. "பரவால்ல மேடம். கேளுங்க."

"தானா பட்டன் போடுவானா?"

"மாட்டான்."

"பல்?"

"பேஸ்ட்டைத் தின்னுடுவான். நான்தான் தேய்ச்சு விடணும்."

"சில்லறை?"

"மாட்டான். எவ்வளவு குடுத்தாலும் தேங்க்யூன்னு வாங்கிக்குவான்."

"அடிபட்டா எங்க வலிக்குதுன்னு சொல்வானா?"

"மாட்டான். அழுவான். நாமதான் தடவிப் பாத்துக் கண்டுபிடிக்கணும்."

ஆரம்பத்தில் நோயல் அதைக் கண்டுகொள்ளவில்லை. மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். போகப் போக அவன் காலாட்டுவது நின்றது. ஒவ்வொரு மாட்டானுக்கும் அக்காவின் வாயையே பார்த்தான். டீச்சர் திட்டும்போது பார்ப்பதுபோல. "நோயல் குட் பாய்," என்று மெல்லச் சொன்னான். யாரும் ஆமாம் என்று சொல்லாததால் இன்னொரு முறையும் சொன்னான்.

"குட் பாய்தான்டா," என்றாள் ஜொவிட்டா அவனைப் பார்க்காமல். "அடுத்தது கேளுங்க மேடம்."

அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பாட்டுப் பாடுவானா என்றபோது பாடுவான் என்றாள். ஆட்களை அடையாளம் தெரியுமா என்றபோது, கோயில் பங்குல அத்தனை பேரையும் தெரியும் என்றாள். எல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லியே வாங்கிவிடலாம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். ஆஃப்ரீன் கூட்டிப் பார்த்தார். ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி கூட்டினார்.

"ஜொவிட்டா, இதை நான் சொல்லக் கூடாது. ஸ்கோர் சரியா எல்லைல நிக்குது. ஒரு கேள்வி பாக்கி. அதுக்கு ஆமான்னு சொன்னா, பழைய இடத்துக்கே போயிடும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டை விட்டு, தனியா, தெரிஞ்ச இடத்துக்குப் போயிட்டுத் திரும்பி வருவானா?"

ஜொவிட்டா தாளில் இருந்த காலிக் கட்டத்தைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நோயல் புறப்பட்டுவிடுவான். இரண்டு தெரு தள்ளி, கடற்கரைச் சாலையோரம், புஷ்பம் அக்காவின் மீன்கடை. அட்டையால் ஈ விரட்டுவான், சொன்னால் தண்ணீர் தெளிப்பான், மீன் வாங்க வருகிறவர்களை விசாரிப்பான். கிளம்பும்போது புஷ்பம் கொஞ்சம் நெத்திலியைக் கவரில் போட்டுக் கொடுப்பாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். வாரம் முழுக்க யாராவது பிடித்துக்கொண்டே இருக்கும் அவனுடைய கையை யாரும் பிடிக்காத நேரம் அது ஒன்றுதான். தெருமுனை டீக்கடைக்காரர், "நோயலு, ஓரமாப் போ ராஜா" என்பார். இஸ்திரி வண்டிக்காரர் திருப்பம் வரை எட்டிப் பார்ப்பார். சாலையைக் கடக்கும் இடத்தில் ஆட்டோ ஸ்டாண்டுப் பையன்கள் விசிலடித்து வண்டிகளை நிறுத்துவார்கள், ஏதோ மந்திரி கார் போகிற மாதிரி. போய்ச் சேர்ந்ததும் புஷ்பம் போன் அடிப்பாள்: "வந்துட்டான் உன் தொம்பி. வந்ததும் வராததுமா எங்கிட்ட அதிகாரம் பண்ணிகினு கீறான்."

அவன் தனியாகப் போகிறான். அது உண்மை. தெருவே சேர்ந்து அவனைக் கொண்டுபோய் விடுகிறது. அதுவும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கே டிக் அடிப்பார்கள்?

"போவேன்," என்றான் நோயல்.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். இதுவரை கேட்ட எதற்கும் அவன் தானாகப் பதில் சொல்லவில்லை. "நான் போவேன் மிஸ். புஷ்பம் கடை. மீன் கடை. நான் போவேன்." ஜொவிட்டாவின் தோளைத் தட்டினான். "அக்கா, சொல்லு."

அம்மா தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போவான் மேடம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று ஜொவிட்டா காத்திருந்தாள். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பழியை அவள்மேல் போட்டுவிட்டுக் கத்தித் தீர்த்துக்கொள்ளலாம். அம்மாவோ முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மாட்டான்," என்றாள் ஜொவிட்டா.

"போவேன்க்கா."

"மாட்டான் மேடம். யாராவது கூடப் போகணும்."

"போவேன்!" ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். "நான் போவேன். நெத்திலி வாங்குவேன். அக்கா பொய்."

ஆஃப்ரீன் யாரையும் பார்க்காமல் டிக் அடித்தார். தாளைத் திருப்பி ஜொவிட்டாவின் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்துப் போடுங்க. மெடிக்கல் போர்டு டாக்டர் கையெழுத்தும் ஆகணும். எழுபத்தஞ்சு வந்துடும்." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுக்கு யாராவது பாக்க வரலாம். எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாது. அந்த நேரம் பாத்து இவன் தெருவுல தனியா போயிட்டிருந்தா, திரும்பவும் முதல்லேர்ந்து வரணும். அப்ப நானே இங்க இருப்பேனோ என்னவோ."

"போக மாட்டான்," என்று சொல்லிக்கொண்டே ஜொவிட்டா கையெழுத்துப் போட்டாள். ஆங்கிலத்தில், முழுப் பெயரையும், டிகிரி வாங்கியவர்கள் போடுகிற மாதிரி சாய்த்து.

"தேங்க்யூ மேடம்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஆஃப்ரீனும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிடச் சொல்லி மணியை அழுத்தினார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது, அன்வர் பாஷா சிம்ராவைக் கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டிருந்தார். "இன்னா, கெடச்சுதா?" என்று கண்ணாலேயே கேட்டார். ஜொவிட்டா தலையாட்டினாள். "அப்ப இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி கீது?" என்றார் அவர்.

நீளமான வராந்தா. இருபக்கமும் தரையில் ஆட்கள். அம்மா பின்னால் வந்தாள். நோயல் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் பக்கமே திரும்பாமல் வந்தான்.

"ஞாயித்துக்கெழம?" என்றாள் அம்மா.

"போக வேணாம்."

"கெளம்பி நிப்பானே பாப்பா."

"நிக்கட்டும். கதவைச் சாத்து. ரெண்டு வாரம் கத்துவான், அப்புறம் மறந்துடுவான்."

"மறக்க மாட்டான்."

அது ஜொவிட்டாவுக்கும் தெரியும். நடையை நிறுத்தாமல் சொன்னாள்: "நான் இன்னிக்கே புஷ்பம் அக்காகிட்டப் போய்ச் சொல்லிடறேன். தப்பி வந்தா உள்ள விடாதீங்க, திருப்பி அனுப்பிடுங்கன்னு. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அம்மா நின்றுவிட்டாள். "அவளும் திருப்பி அனுப்பணுமா?"

ஜொவிட்டா நடந்துகொண்டே இருந்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்ட அந்தக் கையைப் பார்த்த அன்றே அவள் இதை முடிவு செய்துவிட்டாள். எதைக் கொடுத்து வாங்கப் போகிறோம் என்பதுதான் அன்றைக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து நோயலின் கையைப் பிடித்தாள். அவன் உதறினான். வெடுக்கென்று, முழு பலத்தோடு. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் மறுபடி பிடித்தாள், இந்தமுறை மணிக்கட்டில், இறுக்கி. பட்டினப்பாக்கம் பஸ்ஸுக்கு ரோட்டைக் கடந்து நிற்க வேண்டும். வாசலில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. அவனை இழுத்துக்கொண்டு அதற்குள் இறங்கி நடந்தாள்.